இலையில் ஏழு வெள்ளை

கத்தியின் நுனியை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டி ஆறவிட்டு, நான்காவது இலையின் காம்பில் வைத்தார். ஒரே அழுத்து. இலை கையோடு வந்துவிட்டது. தண்டில் வெட்டுப்பட்ட இடத்தில் பால் முட்டி நின்றது. ஒரு கணம் கனத்து, பிறகு வழிந்தது. ஈரப் பஞ்சை வைத்து ஒற்றினார். பல் பிடுங்கிய இடத்தில் வைக்கும் பஞ்சு. லேபிலிருந்து கொண்டுவந்தது.

"இதோட நாலு," என்றாள் மனைவி. வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அவர் இலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு. நடுவுல பச்சை. அதை ஒட்டிச் சாம்பல் பச்சை. அதுக்கு வெளிய வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ள முன்னல்லாம் ஏழு வெள்ளை இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்கு."

"எனக்கு அப்பவும் ஒண்ணுதான், இப்பவும் ஒண்ணுதான்."

"உனக்குத் தெரியாது."

"தெரியாததே நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா நானும் கத்தியத் தூக்கிட்டு நிப்பேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவர் இலையை மேசைமேல் வைத்தார். உள்ளங்கையைவிடப் பெரிது. பிசின் பட்ட விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ரப்பர் செடி என்று எல்லோரும் சொல்வது. நர்சரியில் ஃபைகஸ் என்பார்கள். ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள். சாதாரண ரப்பர் செடியின் இலை ஒரே கரும்பச்சை. இது கலப்பு நிறம். பச்சையும் வெள்ளையும் ஒரு இலையில் விழுந்தது போல மறு இலையில் விழாது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வடக்கு ஜன்னலோரம் மண்தொட்டியில் ஆறு வருடமாக நிற்கிறது.

அவர் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், இவர் லேபில் உட்கார்ந்து பல்லைச் செய்து அனுப்புவார். பதினேழு வயதில் ஜிப்சம் மாவு கரைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். நோயாளியின் வாய் அச்சில் மாவை ஊற்றி, இறுகியதும் உடைக்காமல் எடுப்பது. மூன்று வருடம் முடியில், புருவத்தில், சாப்பிடும் தட்டின் விளிம்பில் மாவு. பிறகு மெழுகு மேசை. பிறகு பீங்கான் மேசை. கடைசியில் ஷேட் நாற்காலி.

ஷேட் என்றால் பல்லின் நிறம். பதினாறு பல் வடிவத் துண்டுகளை வரிசையாகக் கோத்த பட்டை ஒன்று உண்டு. நோயாளியின் பக்கத்துப் பல்லோடு அதைப் பிடித்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று எழுத வேண்டும். பதினாறில் எதுவுமே முழுசாகப் பொருந்தாது என்பது அவருக்கு முதல் வருடத்திலேயே தெரிந்துபோனது. பல்லின் கழுத்தில் ஒரு வெள்ளை, வயிற்றில் ஒன்று, நுனியில் கண்ணாடி போல ஒன்று. அவர் மூன்று எண்களை எழுதி அவற்றுக்கு நடுவே கோடு போட்டுப் படம் வரைந்து கொடுப்பார். அவர் ஷேட் எடுத்த பல்லை வாயில் வைத்துவிட்டு, எது சொந்தப் பல், எது போட்ட பல் என்று டாக்டரே தட்டிப் பார்த்துக் கேட்டதுண்டு. லேபில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். மாநிறத்துக்கும் ஒரு படி கீழே இருப்பவர். பட்டப்பெயரை வைத்தவன் மச்சினன். லேபின் முதலாளியும் அவன்தான்.

செடி வந்தது ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலிருந்து. ஷேட் எடுக்கப் போனவர், நோயாளி வரும்வரை உட்கார்ந்திருந்தார். எதிரே செடி. முதலில் சும்மா பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஷேட் பட்டையை எடுத்து ஒரு இலையின் விளிம்பில் வைத்தார். ஒன்றாம் எண் பொருந்தியது. ஒரு அங்குலம் தள்ளி வைத்தார். ஒன்றாம் எண் பொருந்தவில்லை. இரண்டாம் எண்ணும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, இதுவரை அவர் எந்த வாயிலும் பார்க்காத ஒரு வெள்ளை. முப்பது வருடம் வெள்ளையைத் தின்று வாழ்ந்த மனிதர். தெரியாத வெள்ளை ஒன்று வரவேற்பறையில், பழைய பத்திரிகைகளுக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் ஒரு கிளை கேட்டார். "வெட்டிக்குங்க," என்றார் டாக்டரம்மா. வெட்டவில்லை. பதியம் போட்டார். கிளையின் நடுவில் விரலகலம் பட்டையை வளையமாக உரித்து, பால் நிற்கும்வரை துடைத்து, ஈரப் பாசியை வைத்துத் துணிப் பட்டையால் சுற்றி, மேலே பல் வேலை மெழுகுத் தகட்டைச் சூடாக்கி ஒட்டினார். வாரா வாரம் போய் ஈரம் பார்த்தார். காத்திருப்பவர்களில் ஒருவர் கேட்டார்: "ஏங்க, செடிக்குமா கேப் போடுறீங்க?"

"ஆமா. சொத்தை."

ஏழாவது வாரம் மெழுகைக் கீறினார். பாசியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர்கள் வெளியே வந்திருந்தன. தாயின்மேலேயே நின்றுகொண்டு, தாய்க்குத் தெரியாமல், தனியே போகத் தயாராகிவிட்டது. வேருக்குக் கீழே அறுத்து, துணியில் சுற்றி, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மனைவி கதவைத் திறந்து, அவரையும் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரோடது?"

"இனிமே நம்மளது."

பிள்ளைகள் இருவரும் வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்த நேரம் அது.

வளர்ப்பது கஷ்டமில்லை. பொறுமைதான் வேண்டும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விடுவார். காய்ந்திருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுவார். நேர் வெயில் ஆகாது, வெள்ளைப் பகுதி காகிதம் போலக் கருகும். இருட்டும் ஆகாது, வெள்ளை குறைந்து பச்சை ஏறிக்கொண்டே வரும். வெள்ளையே இல்லாத பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் உடனே வெட்டிவிட வேண்டும். விட்டால் அதுதான் வேகமாக வளர்ந்து செடியையே எடுத்துக்கொள்ளும். ஞாயிறு தோறும் இலையின் இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்து, தொட்டியைக் கால் திருப்பு திருப்பி வைப்பார். இடம் மாற்றினால் செடிக்குக் கோபம் வரும். இலையை உதிர்த்துக் காட்டும்.

புது இலை வரும்போது மட்டும் வேலைக்குத் தாமதமாவார். நுனியில் சிவந்த உறை ஒன்று ஈட்டி போல எழும். பத்து நாள், பதினைந்து நாள் அப்படியே நிற்கும். ஒருநாள் காலை உறை ஒரு பக்கம் பிளந்து, உள்ளே சுருட்டி வைத்த இலை தெரியும். இன்னும் காற்றே படாத வெள்ளை. அதில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். அன்று இருப்பது மறுநாள் இருக்காது.

"வெள்ளையில சமையல் நடக்காது," என்று மனைவியிடம் சொன்னார் ஒருமுறை. எங்கோ படித்தது. "வெளிச்சத்தச் சாப்பாடாக்குறது பச்சை மட்டும்தான். வெள்ளைக்கும் சேர்த்துப் பச்சைதான் போடுது. இது சும்மா இருக்கும். அழகா இருக்கிறது மட்டும்தான் இதுக்கு வேலை."

"நம்ம வீடு மாதிரி."

"நீ பச்சையா, வெள்ளையா?"

"வெள்ளைக்காரர்னு உங்களத்தானே சொல்றாங்க," என்றாள்.

செடி வந்த இரண்டாம் வருடம் ஒரு இலை விரிந்தது. அவர் அதை மறக்கவில்லை. அதன் வெள்ளையை மூன்று நாள் பார்த்தார். ஏழு என்று எண்ணினார். ஏழில் இரண்டுதான் பட்டையில் இருந்தன. லேபில் மிஞ்சிய பீங்கான் பொடிகளைக் கலந்து, நகத்தளவுச் சில்லுகளாக வார்த்து, எல்லோரும் போன பிறகு சூளையில் சுட்டு, ஒவ்வொன்றையும் இலையோடு வைத்துப் பார்த்தார். சரியில்லை என்றால் மறுபடி. நான்கு மாதம் ஆனது. அதற்குள் இலை முற்றிவிட்டது, அதன் வெள்ளையும் நகர்ந்துவிட்டது. ஆனால் ஏழு சில்லு கிடைத்துவிட்டன. முதுகில் ஒன்று முதல் ஏழு வரை பொறித்து, ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். எதற்கு என்று மனைவி கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருடம்தான் செடிக்கு என்னவோ ஆகிவிட்டது. வெள்ளைகள் ஒன்றோடொன்று கலந்துகொண்டே வந்தன. ஏழு ஐந்தாயிற்று. மழை முடிந்தபோது மூன்று. முதலில் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தார். திரையை எடுத்தார். உரத்தை மாற்றினார். மண்ணை மாற்றினார். புதிதாக வந்த இலைகளும் மங்கலாகத்தான் வந்தன. மங்கிய இலைகளை எடுத்துவிட்டால் சத்து மிச்சமாகி அடுத்தது நன்றாக வரும் என்று முடிவு செய்தார். வாரத்துக்கு ஒன்றாக வெட்டினார்.

லேபிலும் நேரம் சரியில்லை. ஒரே மாதத்தில் ஐந்து பல் திரும்பி வந்தது. மஞ்சள் என்று ஒன்று. செத்த பல் மாதிரி இருக்கிறது என்று ஒன்று. டாக்டர் அறையில் விளக்கு மாற்றியிருப்பார்கள் என்றார் அவர். பொடி புதுக் கம்பெனி என்றார். சூளை வெப்பம் ஏறி இறங்குகிறது என்றார். மச்சினன் சூளையைப் பிரித்துப் பார்த்தான். சூளை நன்றாக இருந்தது.

அவன் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கே வந்தான். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"அத்தான், ஒரு மெஷின் வந்திருக்கு. பல்லு மேல வச்சா நம்பர் சொல்லும்."

"சொல்லட்டும்."

"நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"நான் எதுக்குக் கோவிக்கணும்? மெஷின்தானே கோவிச்சுக்கணும், உன்கிட்ட வேலைக்கு வரப்போகுதே."

மச்சினன் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் இன்னொரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மெஷின் வந்தா எனக்கு என்ன வேலை?" என்று அவரே கேட்டார்.

"மாவு ரூம்ல ஆள் இல்ல."

பதினேழு வயதில் நுழைந்த கதவு அது.

"எப்ப சொல்லணும்?"

"அடுத்த மாசம் பத்துக்குள்ள."

அவன் போன பிறகு, "அவனும் என்ன பண்ணுவான்," என்றாள் மனைவி. அவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய கத்திரியை எடுத்துவந்தார். இலை இலையாக எடுத்துப் பயனில்லை. தலையை வெட்டிவிட்டால் கீழேயிருந்து புதுக்கிளை பிடிக்கும். உச்சியிலிருந்து மூன்று அடி கீழே, ஒரு கணுவுக்கு மேலே, நூலால் அடையாளம் கட்டினார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து செடிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"தலையையே வெட்டப் போறீங்களா?"

"செத்துக்கிட்டிருக்குது. காப்பாத்துறேன்."

"எது சாகுது? போன மாசம் ரெண்டு இலை விட்டுச்சு. அடியில ஒரு இலை உதிரல. எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல ஆரோக்கியமா இருக்கிறது இது ஒண்ணுதான்."

"வெள்ளை போச்சுங்கிறேன்."

"போகல."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? இரு. காட்டுறேன்."

தகர டப்பாவைத் தேடி எடுத்தார். மேசைமேல் கறுப்புக் காகிதத்தை விரித்து, சில்லுகளை முகம் மேலே இருக்கக் கொட்டினார். பக்கத்தில் செடியின் ஒரு இலையை வளைத்துப் பிடித்தார்.

"இது ஏழு. இந்த இலையில எத்தனை இருக்குன்னு நீயே—"

நிறுத்திக்கொண்டார்.

குனிந்தார். மூக்கு மேசையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். சில்லுகளை விரலால் நகர்த்தினார். இரண்டை ஒட்டி வைத்தார். அவை ஒன்றாகத் தெரிந்தன. திருப்பினார். முதுகில் இரண்டு, நான்கு. மறுபடி வேறு இரண்டு. ஒன்றாகத் தெரிந்தன. ஐந்து, ஏழு. எழுந்து ஜன்னல் கதவை முழுதாகத் திறந்தார். கறுப்புக் காகிதத்தை ஜன்னல் கட்டைமேல் வைத்து எண்ணினார். மூன்று. மூன்று வெள்ளைதான்.

இலை மங்கும். மனிதப் பல்லும் மங்கும். ஆயிரம் டிகிரியில் சுட்ட பீங்கான் மங்காது. நூறு வருடம் மண்ணில் கிடந்தாலும் அதே வெள்ளை. இதை அவர் எத்தனையோ டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார்.

சில்லுகளைக் குலுக்கி மேசையில் போட்டார்.

"இத அடுக்கு பாப்போம். ரொம்ப வெள்ளை இந்தப் பக்கம், குறைச்சல் அந்தப் பக்கம்."

"நானா? எனக்கு வெள்ளைன்னா வெள்ளை."

"பரவால்ல. அடுக்கு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்களை அடுக்குகிற கை. ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்து முன்னதற்கு இந்தப் பக்கம் வைத்தாள். "இது சுண்ணாம்பு மாதிரி இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இது பால். இது தண்ணிப் பால்." இரண்டை இடம் மாற்றினாள். கொஞ்சம் யோசித்தாள். "கடைசி ரெண்டுதான் சந்தேகம்."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஏழு. ஆறு.

"மாறிப்போச்சா?" என்றாள்.

அந்த இரண்டையும் சரியான இடத்தில் வைத்தார். அப்புறம் செடியைப் பார்த்தார். தண்டில் நான்கு இடத்தில் வடு. பால் காய்ந்து கறுத்திருந்தது. நூலை அவிழ்க்கப் போனார், முடிச்சு கைக்கு வரவில்லை. அவள் அவிழ்த்தாள்.

"செடிக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

"அதத்தான் ஆறு மாசமாச் சொல்றேன்."

"எனக்குத்தான்."

அவள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கண் டாக்டர் வயதில் சின்னவர். இவரைத் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"புரை. ரெண்டு கண்ணுலயும். வலதுல நல்லாவே முத்தியிருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"எனக்குன்னு தெரியாதுங்க. செடிக்குன்னு நெனச்சேன்."

டாக்டர் குறிப்பு எழுதுவதை நிறுத்தினார். மனைவி நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாருக்கும் எழுத்து தெரியல, ஆள் தெரியலன்னு வருவாங்க," என்றார் டாக்டர். "மெதுவா மஞ்சள் ஏறும். நாளுக்கு இவ்வளவுன்னு தெரியாது. மூளையும் பழகிக்கும். வெள்ளை குறையுதுன்னு வந்தது நீங்கதான்."

"லென்ஸ் வச்சா ஏழும் திரும்ப வருமா?"

"வெள்ளை வரும். எத்தனைன்னு நான் எப்படிச் சொல்ல? நான் எண்ணினதே இல்லையே."

வலது கண் ஆபரேஷனுக்கு மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கொடுத்தார்கள். ஏழாம் தேதி. மச்சினனின் பத்தாம் தேதிக்கு மூன்று நாள் முந்தி. இவர் லேபுக்குப் போகவில்லை, விடுப்பு சொல்லிவிட்டார். தெரிந்த பிறகு ஷேட் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை.

அந்த மூன்று வாரமும் செடியை அவர் பார்க்கவில்லை. தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு துடைத்தார். மேல்பக்கம் மெழுகு போல வழுக்கியது. கீழ்ப்பக்கம் நடு நரம்பு விரலில் இடறியது. அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் மெல்லிய நரம்புகள் தடவத் தடவத் தெரிந்தன. பச்சையும் வெள்ளையும் சேரும் இடத்தைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார். முடிந்தது. வெள்ளைப் பகுதி ஒரு நூல் மெலிது, இழுத்துக் கட்டியது போலச் சற்றே சுருங்கியிருந்தது. ஆறு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு இது தெரியாது. அந்த இலையை விட்டுக் கையை எடுக்க வெகு நேரம் ஆனது. மூன்றாவது வடுவுக்குமேல் ஏதோ முள் போலக் குத்தியது. புது மொட்டு. அவர் வெட்டியதைப் பற்றிச் செடிக்கு எந்தப் பேச்சும் இல்லை.

ஆபரேஷன் இருபது நிமிடம். ஊசி இல்லை, சொட்டு மருந்துதான். முழித்தே இருந்தார். முகத்தை மூடிய துணியில் ஒரு ஓட்டை, அதன் வழியே வெளிச்சம். முதலில் பழுப்பு வெளிச்சம். பிறகு தண்ணீர் ஓடுவது போல ஏதோ அசைந்தது, வெளிச்சம் உடைந்து சிதறியது, கடைசியில் எங்கிருந்தோ ஒரு நீலம் வந்தது. அவர் செத்துவிட்டோமோ என்று நினைத்தார். "அசையாதீங்க," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வலது கண்ணின் மூடியை எடுத்தார்கள். நர்சின் சட்டையைப் பார்த்தார். அதில் கண்ணை வைக்க முடியவில்லை.

"இது புதுச் சட்டையா?"

"மூணு வருஷம் ஆச்சு சார்," என்றாள் நர்ஸ்.

படுக்கை விரிப்பு, சுவர், காகிதம், மனைவியின் காதோரத்து முடி. எல்லாவற்றையும் யாரோ இரவோடு இரவாகத் துவைத்துக் காயப்போட்டது போல இருந்தது. டாக்சியில் வரும்போது இடது கண்ணை மூடினார். திறந்தார். வலதை மூடினார். இடது கண்ணின் உலகம் தேநீரில் முக்கி எடுத்தது. இத்தனை நாள் அதைத்தான் உலகம் என்று நம்பியிருந்தார்.

வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலோரம் போய் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

மனைவி பையை வைத்தாள். மருந்துப் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தாள். அவர் அசையவில்லை. ஐந்து நிமிடம் கழித்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏழும் இருக்குதா?"

அவர் தலையாட்டினார். ஆமா என்றும் இல்லை என்றும் சேர்ந்த ஆட்டல்.

"அப்ப?"

"ஏழு நான் அம்பத்தி நாலு வயசுல எண்ணினது. அப்பவே கண்ணுல கொஞ்சம் ஏறியிருக்கணும்." பொத்திய கையை எடுக்கவில்லை. "பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

உப்பின் வெள்ளை இருந்தது. உடைத்த சுண்ணக்கட்டியின் உள்வெள்ளை இருந்தது. பாலில் தண்ணீர் விட்டால் விளிம்பில் வருகிற நீல வெள்ளை இருந்தது. அதன்மேல் பச்சை, மழைக்கு முந்தைய நிழல் போலக் கசிந்திருந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக நரம்புகள் ஓடின. ஒவ்வொரு நரம்புக்கும் இரு கரையிலும் வேறு வேறு வெள்ளை. பதினெட்டு இலை. ஒவ்வொன்றும் தனி. மூன்றாவது வடுவுக்குமேல் மொட்டு விரல் நீளத்துக்கு நீண்டு, உறை சிவப்பாக நின்றது. அந்தச் சிவப்பும் அவர் பார்த்ததில்லை. யாரும் எண்ணாமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல் இது ஆறு வருடமாக இந்த அறையில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் மங்கியபோதும் நடந்தது. கத்தியோடு நின்றபோதும் நடந்தது.

அவருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. நாற்காலியை அவள் இழுத்துப் போட்டாள்.

"அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றாள். "தையல் இல்லாட்டியும் புண்ணு புண்ணுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வலது கண்ணால்.

ஒன்றரை வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி அவளுக்கு மேல்வரிசை முன்பல் உடைந்தது. அவர்தான் ஷேட் எடுத்தார், அவர்தான் பீங்கான் வைத்தார். வேறு யாரையும் விடவில்லை. அது இப்போது அவளுடைய சிரிப்பின் நடுவில், இரண்டு வெள்ளைப் பற்களுக்கு மத்தியில், பழைய பியானோக் கட்டை போல மஞ்சளாக நின்றது.

"என்ன?" என்றாள். சிரிப்பு நின்றது. கை வாயருகே போனது. அந்தக் கை அங்கே போவதை அவர் ஒன்றரை வருடமாகப் பார்த்திருக்கிறார், கூச்சம் வந்துவிட்டது இவளுக்கு என்று நினைத்திருக்கிறார்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"பல்லு."

அவள் மருந்துப் பாட்டில்களைப் பார்த்தாள்.

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கண்ணாடிய என் கையில குடுத்துட்டு எதிர்ல நின்னீங்க. உங்க முகம் இருந்த இருப்பு." பாட்டில் ஒன்றை நகர்த்தி வைத்தாள். "எனக்கு ஒரு வெள்ளைதான் தெரியும்னு நீங்கதானே சொல்லுவீங்க. சரி, நமக்குத்தான் தெரியல போலன்னு விட்டுட்டேன்."

"ஆபீஸ்ல?"

"ஒருத்தி கேட்டா, எந்த டாக்டர்கிட்ட போட்டீங்கன்னு. ஊர்ல இல்ல, மாத்தலாகிப் போயிட்டார்னு சொல்லிட்டேன்."

அவர் அவளுடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். ஆயிரக்கணக்கான தாடைகளைத் திருப்பிய விரல்கள். பக்கத்துப் பற்களைப் பார்த்தார். கழுத்தில் ஒரு தந்த நிறம். வயிற்றில், இலையின் நான்காவது வெள்ளைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒன்று. நுனியில் அந்த நீலம். முப்பத்தொரு வருடமாக அவருடைய வீட்டில் இருந்த வாய்.

"வாய மூடாத," என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் இரு. பாத்துக்கிறேன்."

அவள் வாயைத் திறந்தபடியே ஏதோ சொன்னாள். அது புரியவில்லை.

மறுநாள் ஒன்பதாம் தேதி. மனைவி அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொன்னாள். ஏழு மணிக்கு அவளும் பதினொன்றுக்கு அவள் தம்பியும் சொட்டு மருந்து விட்டார்கள். தூசி ஆகாது என்பதால் ஒரு மாதத்துக்கு லேபுக்குப் போகக்கூடாது. அதனால் மச்சினன் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தான். திரும்பி வந்த ஐந்து பற்களையும் ஷேட் பட்டையையும் கொண்டு வந்திருந்தான். இவர் இடது கண்ணில் பஞ்சு வைத்துத் துணிப்பட்டை ஒட்டியிருந்தார். ஜன்னலோரம் செடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முதலில் மனைவியின் பல்லுக்கு ஷேட் எடுத்தார். படம் வரைந்து மூன்று எண் எழுதினார். எழுதியதை அடித்துவிட்டு நான்கு எண் எழுதினார். அவள் அலுவலகத்துக்குப் போனாள். ஐந்து பற்களில் ஐந்தும் தவறு என்று அவரே மச்சினனிடம் சொன்னார். இரண்டு வருடத்தில் செய்தவற்றில் தவறு இன்னும் இருக்கும், டாக்டர்களிடம் நீ கேட்டுச் சொல் என்றார். அவன் சரி என்றான். மெஷின்காரனுக்கு இன்னும் சொல்லவில்லை, அடுத்த மாதம் இடது கண்ணும் முடியட்டும் என்றான். அதுவரை ஷேட் எடுக்க வேண்டிய நோயாளிகளை இங்கேயே அனுப்புகிறேன், மாடிப்படி ஏறுவார்கள் என்றான். பதினொன்றரைக்குப் போனான். மண்ணில் விரல் விட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. தண்ணீர் ஊற்றவில்லை.